தடைப் பதிவேட்டில் எண்பது நாள்

மேலகரம்,
22 ஆகஸ்டு 2025, வெள்ளிக்கிழமை, ஆவணி ஆறு.

அன்புள்ள சங்கரா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பதினேழாம் தேதி, நீ தொலைபேசியில் சொன்ன மூன்று செய்திகளையும் குறித்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை விடுப்பில் வருகிறாய். வந்ததும் இந்த வீட்டின் மேல் மாடி வேலையைத் தொடங்கப் போகிறாய். அதற்கு யாரை வேண்டுமானாலும் பேசலாம், இசக்கிமுத்து கொத்தனாரை மட்டும் வாசலில் ஏற்றக் கூடாது. முதல் இரண்டிலும் எனக்கு மகிழ்ச்சியே. மூன்றாவதற்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம் என்பாய். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது நீ நடுவில் ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுத்தாலும் என்னால் முடிக்க இயலாது. அதனால் தாளை எடுத்தேன். எழுபத்தேழு வயது எழுத்து இது. வரிகள் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நான் அரசு வேலையில் முப்பத்தாறு ஆண்டுகள் கால்வாயும் மதகும் பள்ளிக்கூடக் கட்டடமும் கட்டியவன். நீயும் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று கணக்கிடுகிற இடத்தில் இருக்கிறாய். ஆகையால் தடைப் பதிவேடு என்றால் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டும். வேலை நின்ற ஒவ்வொரு நாளும் அதில் ஏறும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன காரணம், அந்தக் காரணம் யாரால் என்று மூன்று கட்டங்கள். அதற்குப் பக்கத்தில் வேலை கொடுத்தவரும் வேலை செய்பவரும் போட வேண்டிய இரண்டு கையெழுத்துகள். காலநீட்டிப்பு கேட்டு ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும் நாளில் இந்த ஏடு மட்டுமே பேசும். மனிதர்கள் பேசுவதை யாரும் கேட்பதில்லை. அதில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு இருந்தால் ஒரே கோட்டில் அடித்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கை என் கீழ் வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு நான் கண்டிப்புடன் கற்பித்திருக்கிறேன். நம் சொந்த வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு ஏடு போட்டபோது உன் அம்மா சிரித்தாள். “வீடு கட்டுதீகளா, இல்ல வீட்டு மேல கேஸ் போடுதீகளா?” என்று கேட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆயினும் வரிசை முக்கியம். 2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, தை பன்னிரண்டு, வாஸ்து நாள். அன்று பூமி பூஜை. மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் பேஸ்மட்டம் முடிந்து மண் நிரப்பியாயிற்று. மார்ச் 25, புதன்கிழமை முதல் ஊரடங்கு. அன்றைய தேதியில் பதிவேட்டில் ‘நோய்த் தொற்று, அரசாணை’ என்று எழுதி, ‘யாரால்’ என்ற கட்டத்தில் ‘இருவராலும் இல்லை’ என்று போட்டேன். அந்தச் சொற்களை எழுதும்போது ஓர் ஆறுதல் இருந்தது. என் பணிக்காலம் முழுவதும் அந்தக் கட்டத்தில் ‘இருவராலும் இல்லை’ என்று நான் எழுதிய இடங்கள் மிகக் குறைவு.

அந்த ஆண்டில் வேலைகள் தாமதமானதற்குக் காரணம் கேட்டால் இன்றும் எல்லோரும் கொரோனா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நோய் செங்கல்லைத் தொடவில்லை. நோயைச் சுற்றி வந்தவைதான் ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்தன. கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் வடக்கிலிருந்து வந்திருந்தவர்கள் மேலகரத்தில் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். கிடைத்த முதல் ரயிலில் போனார்கள், போனவர்கள் அந்த ஆண்டு திரும்பவில்லை. திருநெல்வேலியிலிருந்து கம்பி வர வேண்டும். அதற்கு முந்தின நவம்பர் வரைக்கும் நாமும் அவர்களும் ஒரே மாவட்டம். பிரித்து நான்கு மாதமே ஆன நிலையில் நடுவில் ஓர் எல்லை முளைத்து, லாரிக்கு இ-பாஸ் கேட்டார்கள். சில வாரம் வேண்டும் என்றார்கள், சில வாரம் வேண்டாம் என்றார்கள். கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் வேலைக்குப் போயிருந்த நம் ஊர்த் தச்சர் அங்கேயே மாட்டிக்கொண்டார். எம்-சாண்ட் வந்த நாளில் சிமெண்ட் இல்லை, சிமெண்ட் வந்த நாளில் தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். இவை எல்லாம் பதிவேட்டில் அந்தந்தத் தேதியில் உண்மையாக இருக்கின்றன. நீ இனி எந்த அறிக்கையிலாவது அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தால், அதற்கு அடியில் என்ன படுத்திருக்கிறது என்று தூக்கிப் பார். நான் சொல்லப் போவதும் அதற்கு அடியில் படுத்துக் கிடந்ததுதான்.

மே மாதம் கட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்ததும் முதலில் வந்து நின்றவர் இசக்கிமுத்துதான். கீழப்பாவூரிலிருந்து தம் சித்தாள் இரண்டு பேருடன், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரே பைக்கில் வந்தார். பத்து நாளில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு நான் வரைபடத்தில் மூன்றரை அடி உயரம் குறித்திருந்தேன். உன் அம்மா அதைச் சுவரிலேயே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று வந்துவிட்டாள்.

“தரை இன்னும் ரெண்டு இஞ்சு ஏறும்க்கா. இந்தப் பலகை மேல ஏறி நில்லுங்க, அப்பதான் சரியான அளவு தெரியும்” என்றார் இசக்கிமுத்து.

அவள் பலகையில் ஏறி, மடக்கிய குடையைத் தோசைக்கரண்டி போலப் பிடித்துக்கொண்டு, குற்றாலம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“அருவி தெரியுதாக்கா?”

“தண்ணி இல்லாத அருவிய என்னத்தப் பாக்க? பாறைதான் தெரியுது. அதுவும் பாதிதான்.”

“சாரல் விழட்டும், வெள்ளையாக் கோடு போட்டாப்ல தெரியும்.”

“அப்ப இன்னும் நாலு விரக்கடை இறக்கும்.”

“சாரு பிளான்ல மூணரைன்னு போட்ருக்காவளே.”

“அவுகளா அங்கன நின்னு தோசை சுடப் போறாக?”

நான்கு விரற்கடை இறக்கினார்கள். நான் வரைபடத்தில் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன். அந்த ஜன்னலுக்கு எதிரே நின்றுதான் இப்போது நான் காலையில் காப்பி போடுகிறேன். என் உயரத்துக்கு அது தாழ்வு. குனிந்தால்தான் அருவி தெரியும்.

அடுத்து தலைவாசல் நிலை. வேங்கை மரத்தில் செய்த நிலை ஊரடங்குக்கு முன்பே செங்கோட்டையிலிருந்து வந்து, தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. நிலை நின்றால்தான் அதன் தலைக்கு மேல் லிண்டல் போட முடியும். லிண்டல் போட்டால்தான் கூரை. வைகாசி இருபத்தொன்று, ஜூன் 3, புதன்கிழமை, வாஸ்து நாள். இசக்கிமுத்து மூன்று நாளைக்கு முன்னதாகவே வந்து கேட்டார்.

“புதன்கிழமை நிலையைத் தூக்கிருவோம் சார். சாரல் பிடிக்குததுக்கு முந்தி லிண்டலும் போட்டுட்டோம்னா அப்புறம் ஒண்ணும் கவலை இல்ல.”

“பொறும் இசக்கி. பையன் வரட்டும்.”

“அவுக எப்ப வாராக?”

“பிளைட் விட்டதும் வந்துருவான்.”

“பிளைட்டு விடுததுக்கும் நிலை வைக்குததுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

அந்தக் கேள்விக்கு நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நம் குடும்பத்தில் தலைவாசல் நிலையைத் தூக்கும்போது அதன் வலப்பக்கத்தை மூத்த மகன் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். 1976 ஆவணியில் என் அப்பா தென்காசியில் வீடு கட்டியபோது நான் ஓர் அணை வேலையில் இருந்தேன். விடுப்பு ஒரு நாள் தாமதமாகக் கிடைத்தது. நான் வந்து சேர்ந்தபோது நிலை நின்றுகொண்டிருந்தது; வலப்பக்கத்தை என் தம்பி பிடித்திருந்தான். ஒரு நாள் பொறுத்திருக்கலாமே என்று நான் என் அப்பாவிடம் கேட்கவில்லை, அவர் இருந்தவரை கேட்கவில்லை. ஆனால் அந்த வாசலில் நுழைந்த ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்தைத் தொடாமல் நுழைந்திருக்கிறேன். எனக்கு மகன் பிறந்து, நான் வீடு கட்டினால், அவனுக்காகக் காத்திருப்பேன் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டேன். உனக்கு அந்த விருப்பம் உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சுவர்களை ஏற்றிவிடுகிறேன் என்றார் இசக்கிமுத்து. தலைவாசல் நிலை நிற்காமல் வேறு எந்த நிலையும் நிற்கக் கூடாது என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உன் அம்மாவைப் பார்த்தார். அவள் என்னிடம் சொன்னாள்: “நிலை வைக்கிறதுக்கு அவன் வேண்டாம். வீட்டுல வந்து இருக்கத்தான் அவன் வேணும். இந்த மனுசன் சொல்லுதபடி செய்யுங்க.” நான் செய்யவில்லை.

இனி வருவதுதான் நான் ஐந்து ஆண்டுகளாக எழுதாமல் வைத்திருந்தது. ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, நீ பேசினாய். “ஏம்ப்பா, இன்னும் லிண்டல் போடலையா?” என்று கேட்டாய். உனக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால், அந்த நாளில் எந்த விமானம் கிடைத்தாலும் நீ ஏறிவிடுவாய். வழியில் உனக்கு ஏதாவது தொற்றினால் அந்தப் பழி என் வாழ்நாளில் தீராது. சொல்லாமலே, நீயாகவே வர வேண்டும் என்று ஆசையும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, “கொத்தனார் வரலைப்பா” என்றேன். இரண்டு சொற்கள்தாம். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா கத்தியை நிறுத்தினாள்.

நீ தொலைபேசியை வைத்ததும் அவள் கேட்டாள். “அந்த மனுசன் நேத்துக் காலைல வந்து நம்ம வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான போறாரு? வரலைன்னு வாய் கூசாமச் சொல்லுதீக?”

“அவனுக்காக நிக்கேன்னு சொன்னா, அவன் உடனே கிளம்பிருவான். உனக்குச் சம்மதமா?”

அவள் மறுபடி அவரைக்காயை நறுக்கத் தொடங்கினாள். அவளை வாயடைக்கச் செய்வதற்கு உன்னைத்தான் பயன்படுத்தினேன். அது நான் செய்த இரண்டாவது தவறு. மூன்றாவது தவறை அன்று மதியம் செய்தேன். வாயால் சொன்னதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்ந்தவன் நான். ஏட்டில் இருப்பதை வாய் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். அன்று அதைத் தலைகீழாகச் செய்தேன். பதிவேட்டை எடுத்து, ஜூன் 3 முதல் என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ‘கொத்தனார் வராமை’ என்றும், யாரால் என்ற கட்டத்தில் ‘கொத்தனார்’ என்றும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன்.

இசக்கிமுத்து பன்னிரண்டு நாள் காத்திருந்தார். பிறகு ஆய்க்குடியில் ஒரு சுற்றுச்சுவர் வேலை வந்தது. போகட்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். “நீங்க ஒரு போன் அடிங்க சார், ரெண்டு மணி நேரத்துல இங்கன வந்து நிப்பேன்” என்றார். அவர் போனதும் என் மனம் லேசாயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதுவரை பொய்யாக இருந்தது அன்றிலிருந்து பாதி உண்மையாகிவிட்டது அல்லவா? கொத்தனார் உண்மையாகவே வரவில்லை.

அந்த ஆண்டு சாரல் நன்றாகவே விழுந்தது. அருவிக்கரைக்கு யாரையும் விடவில்லை. குளிக்க ஆளில்லாமல் தண்ணீர் தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. பாதிச் சுவர்கள் நனைந்து பாசி பிடித்தன. ஆனியில் விமானம் கிடைக்கவில்லை. ஆடியில் நான் தொடங்க மாட்டேன். ஆவணியிலும் உன் நிறுவனம் உன்னை விடவில்லை. கடைசியில் ஆவணி ஆறு, 2020 ஆகஸ்டு 22, சனிக்கிழமை, பிள்ளையார் சதுர்த்தி அன்று, நீ இல்லாமலே நிலை வைத்தோம். வைகாசி இருபத்தொன்றிலிருந்து சரியாக எண்பது நாள். எதற்காக நிறுத்தினேனோ அது நடக்காமலே மறுபடி தொடங்கினேன்.

அன்று நீ திரையில் இருந்தாய், ஞாபகம் இருக்கும். நிலையைத் தூக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிடு என்று நான் படபடத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே போய் வலப்பக்கத்தைப் பிடித்துவிட்டாள்.

“நான் பிடிச்சா என்ன, நிலை சாஞ்சிருமா?”

“நீங்க பிடிச்சாச் சாயாதுக்கா. தூக்குக்குண்டை வச்சுக்கிட்டு சாரு வருவாக பாருங்க, அவுக பாத்துப் பாத்தே சாய்ச்சிருவாக” என்றார் இசக்கிமுத்து. சித்தாள்கள்கூடச் சிரித்தார்கள். நான் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தேன். நிலை நேராகத்தான் நின்றது.

எண்பது நாள் என்பது எண்பது நாளோடு முடிவதில்லை. உன் தொழிலில் நீயே அறிவாய். லிண்டலும் மேல் சுவரும் புரட்டாசியைத் தின்றன. சென்ட்ரிங் அடிக்கும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் நான் கூரை போட மாட்டேன். தையில்தான் கூரை. பூச்சு வேலை மாசி, பங்குனி. தரைக்கு ஓடு பதிக்கச் சித்திரை. அப்போது இரண்டாவது முறை ஊரடங்கு வந்தது; ஓடுகள் பெட்டியோடு சமையலறையில் அடுக்கியபடியே நின்றன. 2021 மே 27, வியாழக்கிழமை, உன் அம்மா போனாள். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள். உனக்கு முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. எனக்கும் தூரத்திலிருந்துதான்.

வைகாசி இருபத்தொன்றில் நிலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மழைக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் தாராளமாக நாள் ஒதுக்கியும், 2021 தை மாதம் இந்த வீட்டில் பால் காய்ச்சியிருக்கலாம். அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் நாங்கள் அப்போது குடியிருந்த தென்காசி வாடகை வீட்டுக்கு வந்தது போல இங்கும் வந்திருக்கும். ஆனால் தை, மாசி, பங்குனி, சித்திரை என்று நான்கு மாதம் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றிருப்பாள். அந்த நான்கு மாதத்தையும் தொற்று எடுக்கவில்லை, அரசாணை எடுக்கவில்லை, இசக்கிமுத்து எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வந்தாய். அது கழிந்த மறுநாள், ஜூன் 12, சனிக்கிழமை, நீயும் நானும் முடியாத இந்த வீட்டைப் பார்க்க வந்தோம். பதிவேடு கூடத்து மாடத்தில் இருந்தது. நீ அதை எடுத்து நின்றபடியே புரட்டினாய். உன் கண் எந்தப் பக்கத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் இசக்கிமுத்து வந்தார். நீ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, துக்கம் விசாரிக்க, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். நீ ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அவரிடம் போனாய்.

“எண்பது நாள் எங்கலே போயிருந்த? நீ ஒழுங்கா வந்திருந்தேன்னா எங்க அம்மா இந்த வீட்டுல இருந்துட்டுப் போயிருப்பா. இது முடிஞ்சு அவ பாக்கவே இல்லலே!”

உன்னைவிட மூத்தவரை நீ ‘லே’ போட்டு அழைத்து நான் கேட்டதே இல்லை. தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. இசக்கிமுத்து உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்காக அவர் காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர், “தப்புதான் தம்பி. விடுங்க” என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று மாலையே மீதி வேலைக்கு வேறு ஆளைப் பேசினாய். ஓராண்டு கழிந்து, 2022 ஆவணியில் நாம் இருவரும் பால் காய்ச்சினோம். அப்போதும் நான் சொல்லவில்லை. தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது கனம் கூடிக்கொண்டே போயிற்று.

இந்தத் திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு இசக்கிமுத்து வந்தார். நீ மூன்றாவது செய்தியைச் சொன்னதற்கு மறுநாள். தலை முழுவதும் நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம், ஆவணி பத்தொன்பது, செப்டம்பர் 4, வியாழக்கிழமை, கீழப்பாவூரில். தாம்பாளத்தில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. ஒன்றில் என் பெயர், மற்றதில் உன் பெயர்.

“தம்பிக்கும் ஒண்ணு எழுதிருக்கேன் சார். கோவம் ஆறிட்டுன்னா குடுங்க. இல்லேன்னா நீங்களே வச்சுக்கிடுங்க, ஒண்ணும் வித்தியாசம் இல்ல.”

மேலகரத்தில் இப்போது யார் வீட்டு வேலை நடக்கிறது என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். “இந்த ஊருல எனக்கு அதுக்குப் பொறவு வேலை வரல சார். பாவூர், ஆய்க்குடின்னு அங்கனயே ஓடிட்டு” என்றார். குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். நீ அன்று சத்தம் போட்டது பத்து நிமிடம். தெரு அதை நாலு வருஷம் வைத்துக்கொண்டது.

அவர் போனபின் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் ‘கொத்தனார் வராமை’ என்பதை ஒரே கோட்டில் அடித்தேன். அடியில் இருப்பது நன்றாகத் தெரிகிறது. அதற்கு மேல் ‘தலைவாசல் நிலை வைப்பதை உரிமையாளர் நிறுத்தி வைத்தமை’ என்று எழுதினேன். யாரால் என்ற கட்டத்தில் ‘உரிமையாளர்’. 18.8.2025 என்று தேதியிட்டு, சுருக்கொப்பம் போதாது என்று தோன்றியதால் முழுக் கையெழுத்தே போட்டேன். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் அந்தப் பதிவு செல்லாது. ஆகவே புதன்கிழமை, இருபதாம் தேதி, பஸ்ஸில் கீழப்பாவூர் போனேன்.

இசக்கிமுத்து பந்தலுக்குக் கால் நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“இத எதுக்கு சார் இப்பப் போயி?”

“அன்னைக்கு நீர் ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

“நீங்கல்லா சொல்லணும்” என்றார். ஒரு பந்தல்காலை அசைத்துப் பார்த்தார். பிறகு அவரே தொடர்ந்தார். “நான் சொல்லிருந்தா உங்களுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை அத்துப் போயிருக்கும். அக்காவும் இல்ல, சேத்து வைக்க. எனக்கு என்ன சார், கொத்தனார வையாத வீட்டுக்காரன் உண்டா? நூறோட நூத்தி ஒண்ணு. ஆனா அந்த ‘எங்கலே’ மட்டும்…” பேனாவைக் கேட்டு வாங்கி, கட்டத்துக்குள் அடங்காமல் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “வாசல் நெல நேராத்தான நிக்கி?” என்று கேட்டார். நேராகத்தான் நிற்கிறது என்றேன்.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூல ஏடு கூடத்து மாடத்தில், நீ எடுத்த அதே இடத்தில் இருக்கிறது. உன் பெயர் எழுதிய பத்திரிகையும் இந்த உறைக்குள் இருக்கிறது. உனக்கு என் மேல் வரக்கூடிய கோபத்துக்கு நான் காலநீட்டிப்புக் கேட்கப் போவதில்லை. அது எப்போது வந்தாலும், எவ்வளவு நாள் இருந்தாலும், அந்தக் கட்டத்தில் என் பெயரைத் தவிர வேறு பெயர் எழுதாதே. நான்காம் தேதி கீழப்பாவூருக்கு நீ என்னோடு வந்தாலும் சரி, தனியாகப் போனாலும் சரி. அந்த மனிதரை ‘அண்ணாச்சி’ என்று ஒரு முறை கூப்பிட்டுவிடு. அதை அவர் கேட்கும்போது தெருவில் நாலு பேர் இருந்தால் நல்லது, அன்றும் இருந்தார்கள்.

மாடி வேலையை யாரிடம் கொடுப்பது என்பதை நீயே முடிவு செய். நான் அதில் தலையிடும் தகுதியை இழந்தவன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அதுவும் ஆயுள் முழுவதும் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் கேட்கிறேன். மாடிக்கு நிலை வைக்க நாள் பார்க்காதே. மரம் தயாராகி, கொத்தனார் வந்து நிற்கும் நாளில் தூக்கிவிடு. நான் குளிக்கப் போயிருந்தாலும், ஆஸ்பத்திரியில் இருந்தாலும், இல்லாமலே போயிருந்தாலும், எனக்காக நிறுத்தாதே. வலப்பக்கத்தை யார் அருகில் நிற்கிறார்களோ அவர்கள் பிடிக்கட்டும்.

உன் அப்பா.